ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி வேலை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு மனைவியாம். அந்த ஒருத்தியையே அவனால் சமாளிக்க முடியவில்லையாம். யாரோ ஒருவன் கதை மாதிரி சொன்னால் வெட்கம் கொஞ்சம் குறையுமே என்று இப்படி ஆரம்பித்துப் பார்த்தேன். குறையவில்லை. அந்த மெக்கானிக் நான்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாபெரும் தீர்மானம் ஒன்று எடுத்தேன். கூடத்தின் நடுவில் நின்று கையைத் தூக்கி அறிவித்தேன்.

“இன்னையிலிருந்து ஞாயித்துக்கிழமை கர்த்தருடைய நாள். ஸ்பேனரைத் தொடமாட்டேன். ஸ்குரூ டிரைவரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“போன தடவையும் இதே இடத்துலதான் நின்னீங்க. இதே கையைத்தான் தூக்கினீங்க.”

“போன தடவை மனசுல உறுதி இல்ல.”

“இந்தத் தடவை?”

“இருக்கு.”

“இப்ப அடிக்கிறது உங்க உறுதியா, போனா?”

போன்தான். ஐஸ்கிரீம் கடைக்காரர். அடுக்களைக்குள் போய், குரலைத் தாழ்த்தி, “நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் என் சட்டையை மடித்து முடித்திருந்தாள். என் தீர்மானத்தையும் அதற்குள் வைத்து மடித்துவிட்டாள் போலிருந்தது.

“ஆறு நாள் போதலம்மா, நான் என்ன செய்ய?”

“ஆறு நாள்ல உலகத்தையே படைச்சு முடிச்சாச்சு. உங்களால நாலு ஃபிரிட்ஜை முடிக்க முடியலையா?”

“அவருக்கு அப்ப கஸ்டமர் யாரும் போன் பண்ணலையே!”

“இப்ப பண்றோமே. நான் தினமும் பண்றேன்” என்றாள்.

போய்ப் பல் தேய்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு.

அதற்காக நான் ஆலயத்துக்கே போகாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். போவேன். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சு, கதவோரம். அந்த இடத்துக்கு எனக்குப் போட்டியே கிடையாது. முதல் பாட்டுக்கு எழுந்து நிற்பேன். இரண்டாம் பாட்டுக்கு எல்லோரும் எழும்போது நானும் எழுந்து, எழுந்த கையோடு வெளியே போய்விடுவேன். பிரசங்கம் நீளமாக இருந்தால் ஒரு ஃபிரிட்ஜ். ஜெபமும் நீளமாக இருந்தால் இரண்டு. கடைசி ஆமெனுக்கு என் இடத்தில் இருப்பேன்.

“ஆராதனை முடிஞ்சு வர்ற கையில ஏங்க கிரீஸ்?” என்று ஒரு ஞாயிறு மனைவி கேட்டாள்.

“பைக் செயின் கழண்டுபோச்சு.”

அடுத்த ஞாயிறும் செயின் கழன்றது. அதற்கடுத்த ஞாயிறும். ஆறாவது ஞாயிறு முடிந்து, திங்கட்கிழமை நான் குளிக்கப்போன நேரத்தில், அவளே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புதுச் செயின் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இனிமே கழலாதுங்க. மெக்கானிக் சொன்னார், பழைய செயினே நல்லாத்தான் இருந்துச்சாம்.”

இந்த அழகில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கொரு நினைப்பு.

ஒரே ஒரு மனைவி என்று சொன்னேன் அல்லவா? அந்த மெக்கானிக்குக்கு ஒரே ஒரு மகளும் இருந்தாளாம். அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐந்து வயது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் வீடு அமைதியாகிவிட்டது. மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் ஆலயத்துக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். அவளை அங்கே வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை நான் ஒரு ஐஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அழுவதைவிட அது சுலபமாக இருந்தது. முன்பே ஓடுகிறவன்தான், அன்றிலிருந்து நிற்கவே இல்லை; ஆறு நாள் ஓடினேன், ஏழாவது நாளும் ஓடினேன். உட்கார்ந்தால் ஜெபம் வரும். ஜெபம் வந்தால் கடவுளிடம் பேசவேண்டியிருக்கும். பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டாம் பாட்டோடு எழுந்துவிடுவேன். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பின்பக்கம் போகவில்லை. மனைவி ஒவ்வொரு ஞாயிறும் தனியாகப் போனாள்.

சரி, என் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பென்சில் நூலில் கட்டியிருக்கும். வேலைக்குப் போகும்போது என்னோடு வரும். முதல் பக்கத்தில் என் தொழில் சட்டங்கள் மூன்று, கொட்டை எழுத்தில். நோட்டில் ஏறிய வேலை தள்ளிப்போகாது. வாடிக்கையாளர் பொருளை அவர் சம்மதமில்லாமல் தொடமாட்டேன். மூன்றாவது ரொம்ப முக்கியம்: பழுது பார்த்த பிறகு, மோட்டார் ஓடி, உள்ளே குளிர்ந்து, தானாக ஒரு தடவை நிற்கும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டேன்.

“ஓடாத ஃபிரிட்ஜ் மட்டும் நோயாளி இல்ல சார், நிக்காம ஓடுற ஃபிரிட்ஜும் நோயாளிதான்” என்று வாடிக்கையாளர்களிடம் ஞானி மாதிரி சொல்வேன். அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மனைவியும் கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் வாயைப் பிளக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

செயின் மாட்டிய வாரம், சனிக்கிழமை சாயங்காலம். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பின்னாடி போயிட்டு வரலாமா? ஒரு மணி நேரம். சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்.”

“பார்ப்போம்.”

“நீங்க பார்ப்போம்னா வரலைன்னு அர்த்தம்.”

“வேலை இருக்கும்மா. நோட்டைப் பாரு.”

அவள் நோட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முதல் பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்த்தாள்.

“சரிங்க. இதுதான் கடைசி. இனிமே நான் கேக்கமாட்டேன்” என்றாள்.

சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு குரல் அதுதான். அதுவும் நின்றுவிட்டால் பிறகு இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருப்போம், அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் நோட்டை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. கரகரத்த குரல்.

“தம்பி, நான் ஆலயத்துக் காவலாளி பேசறேன். என் ரூம்ல ஃபிரிட்ஜ் ஓடல. நாளைக்குக் காலைல பத்தரை மணிக்கு வரமுடியுமா?”

“ரூம் எங்கண்ணே?”

“பின் கேட்டுகிட்ட.”

பென்சில் நின்றது. ஆனால் வேலை வேலைதான். எழுதினேன்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்ணே.”

“நோட்டுலயா?”

“நோட்டுலதான்.”

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க தம்பி.”

இருபது வருஷம் தொழில் செய்தாலும் இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். வாசித்தேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டி நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை, நான் வாசித்து முடிக்கும்வரை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. “போதகர்கிட்ட ஒரு விஷயம் பேசணும், நீ ஆட்டோ பிடிச்சுப் போயிடு” என்றேன். “சரிங்க” என்றாள். மறுபேச்சில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்தின் வழியாக நடந்தால் ஒரு நிமிஷம். நான் வெளியே வந்து, தெருவைச் சுற்றி, பத்து நிமிஷம் வண்டி ஓட்டிப் பின் கேட்டுக்குப் போனேன்.

சின்ன அறை. ஒரு நாற்காலி, குடை, மூலையில் ஃபிரிட்ஜ். பழுது என்னவென்று பார்க்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. பிளக் சுவரில் இல்லை. வயர் எட்டு வடிவத்தில் சுற்றி, நுனியை உள்ளே செருகி, அழகாக மேலே வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி வயரை இதே மாதிரி சுற்றி வைக்கும் ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று மனசின் ஓரத்தில் ஏதோ தட்டியது. நான் கண்டுகொள்ளவில்லை.

“அண்ணே, பிளக் மாட்டாம இருந்தா எப்படி ஓடும்?”

“அதைச் சொல்ல மெக்கானிக் வேணும்ல தம்பி?”

மாட்டினேன். மோட்டார் உறுமியது. கதவைத் திறந்தேன். உள்ளே பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர். தொட்டுப் பார்த்தேன். வெந்நீர்.

“என்னண்ணே இது! இவ்வளவு சூட்டை உள்ள வெச்சா மோட்டார் எப்ப நிக்கிறது? மத்தியானம் ஆயிடும். எடுத்து வெளியே வைக்கட்டுமா?”

“வைக்கக்கூடாது தம்பி. சம்மதமில்லை. அம்மா கண்டிப்பா சொல்லியிருக்காங்க.”

“எந்த அம்மா?”

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே வேப்ப மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. அதில் என் மனைவி. மடியில் பை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம், துடைத்து வைத்தது போலச் சுத்தமாக.

காவலாளி குடையை எடுத்துக்கொண்டார். “நான் டீ குடிச்சிட்டு வர்றேன். நீங்க உங்க சட்டப்படி நடந்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டார்.

அறையில் இருந்த ஒரே நாற்காலியையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

போய் உட்கார்ந்தேன். நேர் எதிரே, மூன்றாவது வரிசையில், சின்னக் கல். மற்றக் கற்களைவிடப் பாதி உயரம்கூட இல்லை. சுற்றிலும் புல் வெட்டியிருந்தது. மூன்று வருஷம் ஒரே கை வெட்டிய புல்.

“நீ ஆட்டோல போகலையா?”

“நீங்க போதகரைப் பார்க்கலையா?”

ஜன்னல் வழியாக மோட்டார் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கையில் வேலை இல்லை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நகத்தைப் பார்த்தேன். மரத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க வேறெதுவும் மிச்சமில்லை. கல்லைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பேசியது அவளிடமா, கல்லிடமா, கடவுளிடமா என்றும் தெரியாது.

“ஃபிரிட்ஜ் கதவை மூடினதும் உள்ள லைட்டை யாரு அணைக்கிறாங்கன்னு கேட்டா. ஞாபகம் இருக்கா? மெதுவா மூடி மூடி, இடுக்குல கண்ணை வெச்சுப் பார்ப்பா. உள்ள ஒரு குட்டி ஆள் உட்கார்ந்திருக்கான்னு சொல்லுவா. ஞாயித்துக்கிழமை காட்டறேண்டான்னு சொன்னேன். கதவோரம் ஒரு சின்ன சுவிட்ச். விரலை வெச்சு அமுக்கிக் காட்டணும், அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. நாலு ஞாயிறு கேட்டா. நாலு ஞாயிறும் வேலைக்குப் போயிட்டேன். என் மகளுக்கு அரை நிமிஷம் இல்ல எனக்கு. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் இங்க வர்றது?”

சொல்லி முடித்ததும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. மூன்று வருஷத்து அழுகை. சத்தமாகத்தான் அழுதேன். ஒரு காகம் எழுந்து போயிற்று.

அவள் என்னை நிறுத்தவில்லை. அழுது ஓய்ந்த பிறகு பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. ஆனால் அந்த முகத்தில், செயின் மாட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்த ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

“அவளுக்கு அந்த சுவிட்ச் தெரியும்” என்றாள்.

“என்னது?”

“அவளே கண்டுபிடிச்சிட்டா. ரெண்டாவது ஞாயிறே. விரலை வெச்சு அமுக்கி எனக்குக் காட்டினா.”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘அம்மா, அப்பாகிட்ட சொல்லிடாதே. அப்பா காட்டும்போது நான் தெரியாத மாதிரி இருக்கணும்’னா. எப்படி ஆச்சரியப்படணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகிக்கிட்டா. வாயை இவ்வளவு பெருசா திறந்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்ததில் மூச்சு முட்டியது. ஐந்து வயதுப் பெண் என்னை ஏமாற்றியிருக்கிறாள். யார் வளர்த்த பிள்ளை!

“ஏன் இத்தனை நாளா இதைச் சொல்லல?”

“சொல்ல எங்கங்க விட்டீங்க? உட்கார்ந்தாத்தானே சொல்ல முடியும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. நானும் மூடினேன். வார்த்தை எதுவும் வரவில்லை. இரண்டாம் பாட்டுக்குப் பிறகு ஆலயத்தில் என்னதான் நடக்கும் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது அல்லவா? சும்மா இருந்தேன். கடவுளுக்கும் அது போதும் போலிருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

டக்.

அறைக்குள் மோட்டார் நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் புல் அசைவதுகூடக் கேட்டது.

டீ குடிக்கப் போன காவலாளி நாற்காலியோடு திரும்பி வந்தார். “நின்னுடுச்சா தம்பி?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி முன் கேட்டுப் பக்கம் போய்விட்டார்.

வேலை முடிந்தது என்று குறிக்க வேண்டுமே. நோட்டைத் திறந்தேன். இன்றைய வரியைக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த பக்கம் புரண்டது. அடுத்த ஞாயிறு, பத்தரை மணி, பின் கேட், என்று எழுதியிருந்தது. என் எழுத்து இல்லை. புரட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு, பத்தரை மணி. அதற்கடுத்தது. நோட்டின் கடைசித் தாள்வரை ஒரு ஞாயிறு விடாமல்.

“இதென்னது?”

“நோட்டுல ஏறினா தள்ளிப்போகாதுல்ல?”

“நோட்டு தீர்ந்துபோச்சுன்னா?”

பையைத் திறந்து காட்டினாள். உள்ளே புது நோட்டு. நூலில் பென்சில்கூடக் கட்டியாகிவிட்டது.

அவள் எழுந்து, கல் மேல் விழுந்திருந்த வேப்பிலை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

“ஏம்மா, ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஃபிரிட்ஜ் ரிப்பேராகுமா?”

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றாள், திரும்பாமல்.

திறக்கவே திறக்காத கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவள் பின்னால் நடந்தேன்.