லைம் போடாத கருப்பணி

ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் காலையில் சமையல்காரன் மைக்கல் பங்களாக் குசினியின் கதவைச் சாத்திவிட்டு, மேசைமேல் இருந்த மண்முட்டிக்குள் எட்டிப் பார்த்தான். முட்டி நுரை தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். சந்தேகமே இல்லை, கள்.

"மாதாவே!" என்று தலையில் கை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டான்.

கோவிலுக்குப் போன துரைசாணி வருகிற நேரம். அவளோடு விருந்துக்கு வரப்போகிறவர் ஒரு போர்க்கப்பல் கப்டன். குடியென்றால் அவருக்கு ஆகாது, சாராய வாசம் பட்டாலே எழும்பிப் போய்விடுவார் என்று கதை. அதனால், காலைச் சாப்பாடும் இல்லாமல் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக்காரர் வைக்கிற அந்த விருந்துக்கு, மதுவில்லாத கொக்டெயில் வேண்டும் என்று துரைசாணி சொல்லியிருந்தாள். மைக்கலுக்கு அது மீனில்லாத மீன்குழம்பு மாதிரிப் பட்டது. ஆனாலும் தலையாட்டினான்.

ஆட்டாமல் என்ன செய்வது? போன வருஷம் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதிலிருந்து அவன் மனைவி எல்சியும் கைக்குழந்தையும் தம்பலகாமத்தில், சொந்தக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். போன தடவை போனபோது பிள்ளை அவனைக் கண்டு பயந்து அழுதது. அந்த அழுகை இன்னும் அவன் நெஞ்சை அறுத்தது. விருந்து நல்லபடி முடிந்தால் பங்களாவின் பின்னறை உனக்குத்தான் என்று துரைசாணி வாக்குக் கொடுத்திருந்தாள். அவசரக்குடுக்கை மைக்கல் உடனே எல்சியை வரச்சொல்லி ஆளனுப்பிவிட்டான். இந்நேரம் அவள் லொறி ஏறியிருப்பாள்.

யுத்தகாலத்தில் தோடம்பழத்துக்கும் சோடாவுக்கும் எங்கே போவது? அவனுக்குத் தோன்றியது கருப்பணி. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் பனஞ்சாறு இனிப்பாகவே நிற்கும். பூசாவிட்டால் கள்ளாகிவிடும். இதைத் துரைசாணிக்கும் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கியிருந்தான். "லைம் போட்டால் வெறிக்காது" என்று.

கார்ச் சாரதி செல்லத்தம்பி பின்கதவால் தலையை நீட்டினான்.

"ஏன் அண்ணை முழிசிக்கொண்டு இருக்கிறியள்?"

"சுண்ணாம்பு பூசவேண்டாமெண்டு ஆரடா சொன்னது?"

"துரைசாணிதான். நேற்று அவவே கார்ல பனையடிக்கு வந்தவ. கப்டனுக்கு வயிறு எரியுமாம், லைம் ஒரு சொட்டும் ஆகாதாம். நான் அதை அப்பிடியே சீவல்காரனுக்குச் சொன்னனான்."

"அட பாவி! அவ சொன்னது தேசிக்காயையடா!"

"எனக்கென்ன தெரியும்? பனைக்குக் கீழ நிண்டு லைம் எண்டா சுண்ணாம்புதானே?"

எலுமிச்சைக்கும் சுண்ணாம்புக்கும் ஒரே சொல்லை வைத்த வெள்ளைக்காரனை மைக்கல் மனதுக்குள் வாயார வைதான். வேறு குடிப்புச் செய்யப் பொருளும் இல்லை, நேரமும் இல்லை.

புளிப்பை மறைக்கக் கூப்பன் சீனி முழுவதையும் கொட்டினான். கள்ளுக்கு அது நல்ல தீனி. நுரை இரண்டு மடங்கானது. வாசத்தை மறைக்க இஞ்சியும் கறுவாவும் இடித்துப் போட்டான். கள் வாசம் போய், விலை கூடின கள்ளின் வாசம் வந்தது.

"நுரையை அடக்கிப்போட்டால் தப்பலாம் அண்ணை. போத்தல்ல ஊத்தி இறுக்கி அடையுங்கோ," என்றான் செல்லத்தம்பி.

புத்தி தடுமாறியவனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். ஊற்றினார்கள், தக்கையை அடித்து இறுக்கினார்கள், விறாந்தை மேசையில் வரிசையாக வைத்தார்கள். துரைசாணியும் கப்டனும் வந்து கதிரையில் இருந்தார்கள். காலை வெயில் நேராகப் போத்தல்களில் விழுந்தது.

டுமீல்!

அடுத்தது டுமீல், டுமீல்.

"யப்பான்காரன்!" என்று கத்திக்கொண்டு செல்லத்தம்பி மரவள்ளிப் பாத்திக்குள் பாய்ந்தான். துரைசாணி பதுங்குகுழிக்கு ஓடினாள். நெஞ்சு நிறையப் பதக்கம் குத்தியிருந்த கப்டன் மேசைக்குக் கீழே போனவர் போனவர்தான். மேலே தக்கை பறந்த போத்தல்கள், மேசைவிரிப்பெல்லாம் நுரை.

மைக்கல் குசினிக்குள் போய் ஒரு மூலையில் குந்திவிட்டான். வேலை போனது கிடக்கட்டும். மூட்டையோடும் பிள்ளையோடும் வந்து இறங்குகிறவளை எந்த முகத்தோடு திரும்பிப் போகச் சொல்வது? அவனுக்கு அழுகை வந்தது. யுத்தம் பெரிய பெரிய கப்பல்களை எல்லாம் விட்டுவிட்டுத் தன்னைத்தான் குறிவைக்கிறது என்று நினைத்தான்.

வெளியே சத்தமில்லை. பிறகு கிளாஸ் கலகலத்தது. அப்புறம் யாரோ பாட ஆரம்பித்தார்கள். கரகரத்த குரல். கப்டன்தான், கோவில் பாட்டைக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்!

நெடுநேரம் கழித்துத் துரைசாணி குசினிக்கு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"மைக்கல், அந்தக் கொக்டெயில்..."

"அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பா? கப்டன் நாலு கிளாஸ் குடித்துவிட்டார். பயந்து நடுங்கியவருக்குத் தெம்பே வந்துவிட்டது. உன் இஞ்சியின் குணம் என்கிறார்." சிரித்துக்கொண்டே பின்னறைப் பூட்டின் திறப்பை அவன் கையில் வைத்தாள்.

வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது. மைக்கல் விழுந்தடித்து ஓடினான். புழுதி மூடிய முகத்தோடு எல்சி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை பிள்ளை அழவில்லை. கையை நீட்டி அவனிடம் தாவியது.

"அறை கிடைச்சிட்டுதோ?" என்றாள் எல்சி.

"ஓம்! இனி நாங்கள் பிரியத் தேவையில்லை," என்று மைக்கல் திறப்பை ஆட்டிக் காட்டினான்.

பக்கத்தில் கப்டனின் பணியாள் அப்துல் மஜீத் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

"அக்காவை அறையில விட்டுட்டு உங்கட பெட்டியைக் கட்டுங்க அண்ணன், அந்த இஞ்சிக் குடிப்பு இல்லாமல் கப்பல் எடுக்க ஏலாதெண்டு எங்கட துரை துரைசாணியிட்டக் கேட்டு உங்களைக் கப்பலுக்கு வாங்கிப்போட்டார்."