பலாப்பழத்துக்குப் பொன்னாடை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரை, நிரம்பி வழிந்த அரங்கத்தில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், இந்த இரண்டு கைகளாலும் பலாப்பழத்தைப் பிளப்பதுபோல் பிளந்தவன் நான். உவமை சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அப்போது பலாப்பழமாகத்தான் இருந்தார்.

என் மகள் பிரின்சி நிகழ்ச்சிகள் நடத்தித்தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. முதன்முறையாக ஒரு நிகழ்ச்சியை முழுதாக அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

"இது நல்லபடியா முடிஞ்சா கன்ஃபர்ம் பண்ணிடுவாங்கப்பா. சொதப்பிச்சுன்னா வீட்ல உக்காந்து உங்க கட்டுரைய டைப் அடிக்க வேண்டியதுதான்" என்றாள்.

(அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.)

விருந்தாளியின் மேடைப் பெயர் மேடம் ஜாக்ஃப்ரூட். வியட்நாமியப் பெற்றோருக்கு கலிபோர்னியாவில் பிறந்தவர். பெண் வேடமிட்டு, பாட்டுக்கு வாயசைத்து, ஆடி, நடுநடுவே கூட்டத்தை வம்புக்கு இழுக்கும் கலைஞர். டிராக் என்கிறார்கள். வட ஆற்காட்டுக் கூத்தில் என் தாத்தா காலத்து ஆம்பிளைகள் விடிய விடியச் செய்ததுதான். ஆனால் அவர்களுக்குக் கைபேசியில் பல லட்சம் ரசிகர்கள் இருக்கவில்லை.

விருந்தாளியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அவர் முன்னால் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது. பெங்களூர் விவேக் நகர் வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து இரண்டு நாள் அவருடைய வீடியோக்களையே பார்த்தேன். ஆள் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவராம். ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு, அம்மாவின் வெயில் தொப்பியையும் ரவிக்கையையும் மாட்டிக்கொண்டு, அம்மா கடையில் பலாப்பழம் பேரம் பேசுவதை நடித்து ஏற்றியிருக்கிறார். பழத்தைத் தட்டிப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, கடைக்காரரின் குடும்பத்தையே குறை சொல்வது. ஊர் ஊராகப் பரவிவிட்டது. சித்தி பெரியம்மாவெல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அம்மாவும் பார்த்தார்.

அந்த அம்மா முப்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "தோள்பட்டை சரியாவே உக்காரல. கழட்டு, பிரிச்சுத் தைக்கிறேன்."

அன்றிலிருந்து மகனுக்கு அத்தனை உடுப்பும் அவர் தைப்பதுதான். இந்த இடத்தில் நான் மூக்கை உறிஞ்சினேன்.

என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, அழுவுறீங்க?"

"ஜலதோஷம்."

"ரவிக்க தைக்கிற கதைக்கெல்லாம் ஜலதோஷம் வருமா?"

இந்தப் பயணத்துக்கென்று அம்மா மாதக்கணக்கில் தைத்ததுதான் அந்தப் பலாப்பழம். விமானத்தில் வந்த பெட்டி எந்த வாடகைக் காரிலும் நுழையவில்லை. எங்கள் பழைய காரின் பின்சீட்டை மடக்கினால் நுழையும் என்பதால் நான் ஓட்டுநராக நியமனம் பெற்றேன். அரங்கத்தில் பெட்டியைத் திறந்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கழுத்திலிருந்து கால்வரை பச்சை அங்கி, அதில் நூற்றுக்கணக்கில் முள். வெளித்தோல் இரண்டு பாதி. காந்தப் பொத்தான்கள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தன. பிடரியில் ஒரு சிறு வளையம். பாட்டின் உச்சத்தில் அவர் அதை இழுத்தால் படபடவென்று தோல் இரண்டாகப் பிளந்து விழும். உள்ளே பொன் மஞ்சள் சுளைகளாலான பாவாடை விரியும். மொத்த நிகழ்ச்சியும் அந்த ஒரு கணத்துக்காகத்தான். அதை அப்படியே நேரலையில் ஒளிபரப்பப்போகிறார்கள். கலிபோர்னியாவில் அப்போது காலை நேரம். தான் தைத்தது சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. அவங்க டிரெஸ்ஸ யாரும் தொடக்கூடாது" என்றாள் பிரின்சி.

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு நிகழ்ச்சி. ஏழு ஐந்துக்கு, தொகுப்பாளர் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. கூட்டம் தரையை உதைக்க ஆரம்பித்தது. பிரின்சி சுற்றும்முற்றும் பார்த்தாள். அவள் கண்ணில் பட்ட மனிதர்களில் மேடையில் பேசிப் பழக்கமுள்ளவன், துரதிர்ஷ்டவசமாக, நான் ஒருவன்தான்.

"அப்பா, மூணு நிமிஷம் சமாளிங்க. ஒரு வெல்கம், ஒரு ஜோக், எறங்கிடுங்க. ப்ளீஸ்பா."

பெங்களூரில் உள்ள தமிழ் அமைப்புகளின் கூட்டங்களில் இருபத்தைந்து வருடமாக வரவேற்புரையோ நன்றியுரையோ ஆற்றிவருகிறவன் நான். (இரண்டுக்கும் நடுவில் பேச என்னை யாரும் அழைத்ததில்லை.) போன ஞாயிறுகூட ஸ்ரீராம்புரத்தில் ஒரு கூட்டம். அதில் எனக்குப் போர்த்திய பொன்னாடை உறைகூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது. எங்கள் வட்டாரத்தில் பொன்னாடை யாருக்கும் சொந்தமில்லை. இன்று எனக்கு வந்தது நாளை இன்னொருவருக்குப் போகும். விருந்தாளியை வெறுங்கையோடு வரவேற்பதாவது? ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

மைக்கைப் பிடித்தேன்.

"வியட்நாம் மண்ணில் வேர் கொண்டு, கலிபோர்னியக் காற்றில் கிளை விரித்து, இன்று நம் காவிரி நீர் குடிக்கும் பெங்களூரிலே கனிந்து நிற்கும்..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. விசில்! கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. வெள்ளைச் சட்டை, மீசை, குழைந்த குரல், எல்லாமே நிகழ்ச்சியின் ஒரு பகுதி, யாரோ அங்கிள் வேடம் போட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் பிள்ளைகள். எனக்கு அது எப்படித் தெரியும்? என் இருபத்தைந்து வருட மேடை வாழ்வில் என் பேச்சுக்கு நடுவில் ஒருவர் எழுந்து நின்றார் என்றால் அது வீட்டுக்குப் போவதற்காகத்தான். இங்கே எழுந்து நின்று ஆடுகிறார்கள்! ஒவ்வொரு எதுகைக்கும் கூரை பிய்ந்தது. ரத்தம் ஜிவ்வென்று தலைக்கேறியது. தையல்கார அம்மாவின் கதையைச் சொன்னேன். இன்சூரன்ஸ் ஆபீசைத் திட்டினேன். கூத்துக் கலையைத் தொட்டேன். தொகுப்பாளர் வியர்க்க விறுவிறுக்க வந்து திரை ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். நானும் அன்போடு ஆட்டினேன்.

பதினோராவது நிமிடத்தில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சுநாத் பொறுமை இழந்து பாட்டைப் போட்டுவிட்டார். முரசு அதிர்ந்தது. புகை எழுந்தது. அதற்குள்ளிருந்து, பச்சை முட்கள் பளபளக்க, தலையில் ஒரு முழக் காம்போடு, மேடம் ஜாக்ஃப்ரூட் நடந்துவந்தார். அரங்கமே அலறியது. நானும் அலறினேன்.

இங்கேதான் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. சிறப்பு விருந்தினர் மேடைக்கு வந்தால் முதல் வேலை பொன்னாடை. இதை எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை, கை தானாகப் பிரித்துவிடும். உறையைக் கிழித்தேன். விரித்தேன். நெருங்கினேன்.

அவர் கண்களை அகல விரித்து, இரண்டு கைகளையும் ஆட்டி, "நோ, நோ, அங்கிள்!" என்று பின்வாங்கினார்.

பொன்னாடை வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும், இதுதான் முறை. யாராக இருந்தாலும் முதலில் ஐயையோ வேண்டாம் என்பார்கள். கையை ஆட்டுவார்கள். இரண்டடி பின்னால் போவார்கள். உடனே விட்டுவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அமெரிக்காவில் பிறந்தும் நம் பண்பாடு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது.

"முட்டபேடி சார்! முட்டபேடி!" தொடாதீர்கள் என்று மஞ்சுநாத் கன்னடத்தில் கத்தினார்.

"அப்பா! வேணாம்ப்பா!" இது திரை ஓரத்திலிருந்து என் ரத்தம்.

போர்த்தினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போட்டோவுக்கு நிற்க வேண்டுமே. ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி, கேமராவைப் பார்த்தபடி, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்வோம் அல்லவா? இழுத்தேன். வரவில்லை. ஜரிகை முள்ளில் மாட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். குஞ்சம் பிடரி வளையத்தில் மாட்டியிருந்தது.

பட். படபடபடபட.

பச்சைத் தோல் இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதியாக விழுந்தது. மஞ்சள் சுளைகள் விரிந்தன. பாட்டில் இன்னும் முதல் வரியே வரவில்லை.

மஞ்சுநாத் பாட்டை நிறுத்தினார். அப்படியொரு அமைதியை நான் இரங்கல் கூட்டத்தில்கூடக் கேட்டதில்லை. திரை ஓரத்தில் பிரின்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நேரலைக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மறுமுனையில் மாதக்கணக்காகத் தைத்த ஒரு அம்மா காலைக் காபியோடு உட்கார்ந்திருக்கிறார். மகளின் வேலை போனது, ஒரு தாயின் உழைப்பு போனது. என் கையில் பொன்னாடை மட்டும் இருந்தது.

மேடம் ஜாக்ஃப்ரூட் தன்னைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டாண்டிலிருந்து மெதுவாக மைக்கை எடுத்தார்.

"பெங்களூர்!" என்றார். "உங்க ஊர் அங்கிள்களுக்குப் பழம் பழுக்குறவரைக்கும் பொறுமையே கிடையாதா?" (ஆங்கிலத்தில்தான் சொன்னார். அந்த நிலையிலும் மனம் மொழிபெயர்த்தது.)

கூரை மறுபடியும் பிய்ந்தது. அவரோ நிற்கவில்லை. கீழே கிடந்த இரண்டு பாதியையும் எடுத்தார். என் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்து, காந்தங்களை டக் டக்கென்று பூட்டினார். காம்பை என் வழுக்கையில் கவிழ்த்தார். "அசையாதீங்க அங்கிள். கூப்பிட்டா மட்டும் சுத்துங்க" என்று காதில் சொல்லிவிட்டு, மஞ்சுநாத்துக்குக் கை காட்டினார்.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு வயது வரவேற்புரையாளன் ஒருவன் பலாப்பழமாக நின்றான். அவர் என் பொன்னாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார். அம்மாவைப் போலவே தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகம் சுளித்தார், மறுபடி பேரம் பேசினார். கூட்டம் கண்ணீர் விட்டுச் சிரித்தது. நானும் ஒருமுறை சுற்றினேன். அழகாகத்தான் சுற்றினேன். உச்சம் வந்தது. வளையத்தை இழுத்தார். தோல் பிளந்தது. உள்ளிருந்து வியர்வையில் ஒட்டிய வெள்ளைச் சட்டையோடும் தொப்பையோடும் நான் வெளிப்பட்டேன்.

என் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டலை நான் வாங்கியதில்லை. இனி வாங்கப்போவதும் இல்லை.

மறுநாள் காலைக்குள் அந்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. தங்கவயலில் இருக்கும் என் தம்பி, "இன்னாண்ணே, பழுத்துட்டியா?" என்று போன் செய்தான். அந்த மாத முடிவில் பிரின்சிக்கு வேலை நிரந்தரமானது. அவள் மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம், அப்பா இனி அரங்கத்துக்குள் பார்வையாளராகக்கூட வரக்கூடாது. வீட்டில் நான் எதையாவது அவசரப்பட்டுப் பிரித்தால், பிஸ்கெட் பாக்கெட்டாக இருந்தாலும், "பட். படபடபட" என்கிறாள் ஸ்டெல்லா.

ஆனால் அந்த அம்மா மனதிலேயே நின்றார். இரண்டு முட்கள் பிய்ந்திருந்தன, வளையம் வளைந்திருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதி, பிரின்சியிடம் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து மேடம் ஜாக்ஃப்ரூட்டிடமிருந்து பதில் வந்தது. பிரின்சி சத்தமாகப் படித்தாள்.

"அம்மாவுக்கு கோவமே இல்லயாம்ப்பா. ரொம்ப ரசிச்சாங்களாம். தையக்காரின்ற முறைல ஒரே ஒரு சந்தேகம் கேக்குறாங்க."

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த அங்கிள் வேஷம் போட்ட ஆளுக்குத் தொப்பைய யாரு தச்சாங்களாம்? இவங்க எத்தன வருஷமா ஸ்பாஞ்ச் வச்சுத் தைக்கிறாங்களாம், இவ்ளோ இயற்கையா தொங்குனதே இல்லயாம்."