எழுத்துமாத்தியின் புதுத் தலைவர்

வேல்முருகன் தலைவரானது காலை ஒன்பதே காலுக்கு. பத்து மணிக்குத்தான் அது அவருக்கே தெரிந்தது.

வெண்ணந்தூரில் அவருக்கு ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அவர் டைப் அடிப்பார், மனைவி ரஞ்சிதா ஜெராக்ஸ் எடுப்பாள். அன்று ஒரு கிரயப் பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் விடாமல் அதிர்ந்தது.

“ஏனுங்க, யாருக்காச்சும் உடம்புக்கு முடியலீங்களா?” என்றாள் ரஞ்சிதா.

“இல்ல. என்னையத் தலைவராக்கிட்டாங்களாம்.”

“எதுக்கு?”

“அதுதான் தெரியல.”

நடந்தது இவ்வளவுதான். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததைப் புது எழுத்துக்கு மாற்ற ‘எழுத்துமாத்தி’ என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஓப்பன் சோர்ஸ். ஏழு பேர் சம்பளமில்லாமல், தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்வது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம். பெரும்பாலானவர்கள் மூன்றாவதைத்தான் செய்தார்கள். வேல்முருகனுக்கு அதில் ‘லை’ வரவேண்டிய இடத்திலெல்லாம் கட்டம் வந்தது. அதற்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். பதினொரு நாள் பதிலில்லை. பன்னிரண்டாம் நாள், “ஏனுங்க, இங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று எழுதினார்.

அதற்குத்தான் இந்தப் பதில். ஆறு வருடம் தலைவராக இருந்த தௌசீப் எழுதியிருந்தார்: “என்னால் இனி முடியாது. இன்று முதல் வேல்முருகன் சார் பார்த்துக்கொள்வார். நாங்கள் இருக்கிறோமா என்று இத்தனை வருடத்தில் விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.”

பாஸ்வேர்டுகளை வேல்முருகனுக்கு அனுப்பிவிட்டு தௌசீப் போனை அணைத்துவிட்டார்.

வேல்முருகன் அவசரமாகத் தட்டினார்: “நான் அதுக்கெல்லாம் ஆளு இல்லீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

நாற்பத்து மூன்று பேர் அதற்கு இதயம் போட்டார்கள். “இப்படிப்பட்ட பணிவு இந்தத் துறையில் அபூர்வம்” என்று ஒருவர் எழுதினார்.

மத்தியானம் நிலவன் என்பவன் கூப்பிட்டான். ஏழு பேரில் ஒருவன். ‘பழைய முறை’ என்ற பொத்தானை எடுத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. எடுக்கவே கூடாது என்பது இனியாவின் கட்சி. மூன்று மாதமாகச் சண்டை.

“நீங்கதான் சார் முடிவு சொல்லணும்.”

“நல்லா பாத்துச் செய்யுங்க சாமி.”

அடுத்து இனியா கூப்பிட்டாள். அவளிடமும் அதையே சொன்னார். இருவரும் நல்லா பாத்துச் செய்தார்கள். மறுநாள் எழுத்துமாத்தியில் ஒரே பெயரில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் எழுத்து மாறியது. இன்னொன்றை அழுத்தினால் எழுத்தே காணாமல் போனது.

ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு அச்சகக்காரர் போனில் வந்தார். “ஏனுங்க தலைவரே, காதணி விழாவுக்குப் பத்திரிகை அடிச்சேன். ‘த’வக் காணோமுங்க. காணி விழான்னு நானூறு பத்திரிகை ஊரு பூரா போயிருச்சு. எத்தன ஏக்கரு வாங்குனீங்கன்னு சொந்தக்காரங்கெல்லாம் கேக்கறாங்களாம்.”

வேல்முருகன் இனியாவைக் கூப்பிட்டார். கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார். எடுத்தவள் அழுதாள்.

“பகல்ல ஆபீஸ், சாயங்காலம் இது. நாலு வருஷம் சார். நல்லா இருக்குன்னு ஒரு ஆள் சொன்னதில்ல. தௌசீப் சார் பெரிய மேதை. எதை அனுப்பினாலும் ‘மறுபடி பாருங்க’ன்னு ஒரே வரிதான் எழுதுவார். பார்த்தா நிஜமாவே ஒரு தப்பு இருக்கும். அவரே விட்டுட்டுப் போயிட்டார். நீங்களும் போயிட்டா இதை மூடிடலாம்னு இருக்கோம்.”

மூடிவிட்டால் கடையில் பதினெட்டு வருடமாகப் பழைய எழுத்துருவில் சேர்த்து வைத்திருக்கும் பத்திரங்களை யார் மாற்றுவது? வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வேல்முருகன், “சாப்டீங்களா அம்மணி?” என்றார்.

“இல்ல.”

“மொதல்ல சாப்புடுங்க. பத்து நாளைக்கு இதத் தொறந்தே பாக்காதீங்க. நான் பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் இனியா குழுவில் எழுதினாள்: “சாப்பிட்டாயா என்று கேட்கும் தலைவர் கிடைத்திருக்கிறார். பத்து நாள் விடுப்பும் கொடுத்திருக்கிறார்.” ஒரு மணி நேரத்தில் மற்றவர்களும் விடுப்புக் கேட்டார்கள். நிலவன் ஒரு மாதம் கேட்டான். இல்லை என்று சொல்ல வேல்முருகனுக்கு வாய் வரவில்லை.

ஆக, எழுத்துமாத்தியில் மிஞ்சியது அவர் ஒருவர்தான்.

அடுத்த நாலு நாளில் இருநூற்றுப் பத்து புகார். வேல்முருகன் ஒவ்வொன்றுக்கும் “பாக்கறேனுங்க” என்று பதில் போட்டார். பார்க்கவும் செய்தார். பார்த்து என்ன, ஒன்றும் விளங்கவில்லை. கிரயப் பத்திரம் பாதியில் நின்றது. அதற்கு வந்தவர் இரண்டு தடவை நடந்துவிட்டு வேறு கடைக்குப் போனார். ஜேடர்பாளையத்து அச்சகக்காரர் ஐந்தாம் முறையாகக் கேட்டபோது, “காசு குடுத்தா வாங்குனீங்க?” என்று வேல்முருகன் எழுதிவிட்டார். எழுதியதைப் படித்ததும் அவருக்கே உடம்பு கூசியது. இருபது வருடக் கடையில் ஒரு ஆளை அவர் அப்படிக் கேட்டதில்லை.

“நீங்க நீங்களாவே இல்லீங்க,” என்றாள் ரஞ்சிதா. “அந்த தௌசீப் எங்க இருக்காருன்னு கேட்டு, பாஸ்வேர்ட நேராப் போய்க் குடுத்துட்டு வாங்க.”

இனியாவிடம் கேட்டார். “அயோத்தியாப்பட்டணத்துல பாத்திரக் கடை வச்சிருக்கார் சார். சும்மா பொழுதுபோக்குக்காம். மேதைங்க அப்படித்தானே,” என்றாள்.

ராசிபுரம் போய், சேலம் போய், பஸ் மாறி வேல்முருகன் போய்ச் சேர்ந்தார். வரிசையாக அண்டாக்கள் கவிழ்ந்திருந்த கடைக்குள் தௌசீப் ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வேல்முருகன் பெயரைச் சொன்னதும் பிஞ்சு பாதியில் நின்றது.

“உக்காருங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க.”

“உக்காரலீங்க. பாஸ்வேர்டெல்லாம் இந்தக் காயிதத்துல இருக்குது. எடுத்துக்குங்க.”

“நீங்க நல்லா நடத்துறீங்கன்னு பேசிக்கிறாங்களே.”

“அவங்களுக்கு உண்மை தெரியாதுங்க.” வேல்முருகன் காகிதத்தை அவர் முன்னால் வைத்தார். “எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாதுங்க. ஒரு வரி கூடத் தெரியாது. ‘லை’ வரலீன்னு கேக்க வந்தவன் நான். உங்களாட்ட மேதை உக்காந்த எடத்துல நான் எப்படீங்க உக்கார முடியும்?”

தௌசீப் எழுந்து போய், ஏற்கெனவே நேராக இருந்த ஒரு அண்டாவை நேராக்கினார். திரும்பி வந்து, காகிதத்தை மெதுவாக வேல்முருகன் பக்கமே தள்ளினார்.

“புரோகிராம் தெரியணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல சார்.”

“அது எப்படீங்க?”

தௌசீப் வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்து டீயோடு வந்த அவர் மனைவி மெஹ்ரீன் ஒரு கிளாஸை வேல்முருகன் கையில் கொடுத்தாள்.

“நீங்க குடிங்கண்ணே. இவருக்கு மட்டும் தெரியுமா என்ன? ஆறு வருஷத்துக்கு முன்னாடி, கடை போர்டுக்கு எழுத்து பெருசா வரலன்னு அந்தக் குழுவுல கேக்கப் போனவருதான் இவரு.”