குங்குமம் வைத்த ஒயர்கள்

ஒரு பெண் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாத விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். இருபத்தைந்து வயதில் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த வசந்தி, தன் அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் கார் அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்று ஒருநாள் சொன்னாள். "இக்னிஷன் கோளாறா இருக்கும். நான் நெறைய பாத்திருக்கேன்" என்றேன். (பார்த்தது நிஜம். பக்கத்து வீட்டு மெக்கானிக் வேலை செய்வதைக் கையில் தே தாரிக் டீயோடு நின்று பார்த்திருக்கிறேன்.)

பேச்சு கிள்ளானில் இருந்த அவள் வீடு வரை போய்விட்டது. ஆயுத பூஜை அன்று காலை வீட்டுக்கு வரச் சொல்லி அவள் அப்பா அழைத்தார். ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது என்றும், அப்பா அந்த வாரமே பதில் சொல்லியாக வேண்டும் என்றும் வசந்தி தணிந்த குரலில் சொன்னாள். எங்கள் காதல் விஷயத்தை அவர் காதில் போட்டுவிட்டாளாம். "மொதல்ல வந்து காரப் பாக்கட்டும்" என்றாராம். அவ்வளவுதான்.

பஸ்ஸில் கனவு கண்டுகொண்டே போனேன். கனவில் கார் ஓடியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் வசந்தி. போர்ட் கிள்ளான் கடற்காற்று அவள் முடியைக் கலைத்தது. நின்றிருந்த கப்பல்களெல்லாம் எங்களைப் பார்த்து மெல்ல ஹாரன் அடித்தன. கண் திறந்தபோது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருந்தேன்.

பூஜைக்காகக் காரைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள், பானட்டுக்குள்ளும் பைப்பை விட்டு. அதற்குப் பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "பூஜை முடிஞ்சதும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தணும், தம்பி. ஒரு வருஷமும் தவறுனதில்ல" என்றார் அங்கிள், வசந்தியின் அப்பா. பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். என் வாழ்நாளில் நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே கோளாறு அதுதான்.

மூடியைத் துடைக்க, அதிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்களையும் பிடுங்க வேண்டும். மாற்றி மாட்டினால் தொலைந்தோம் என்று மெக்கானிக் சொன்னது நினைவிருந்தது. அதனால் பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு, முதல் ஒயருக்கு ஒரு புள்ளி, அது இருந்த குழிக்கும் ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று நான்கு வரை வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, மூடியை வெயிலில் காய வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வசந்தி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பூக்கட்டினாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் விரல்களில் விழுந்தது. நான் எங்கேயோ போய்விட்டேன். அந்தக் காப்பி ஆறுவதற்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தது பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது.

வெளியே வந்தால் எஞ்சின் கல்யாணக் கோலத்தில் இருந்தது. வசந்தியின் அம்மா ரேடியேட்டர், பேட்டரி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். என் ஒயர்களும் மூடியும் கூடத் தப்பவில்லை. "யாரோ அலங்கோலமா வச்சிருந்தாங்க தம்பி. தொடச்சிட்டு அழகா வச்சிருக்கேன்."

நான்கு ஒயருக்கும் ஒரே மாதிரி பொட்டு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வசந்தி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வந்த வரிசையில் மாட்டினேன்.

பின்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்க்க அங்கிள் காருக்குப் பின்னால் போய் நின்றார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சரவெடி கொளுத்தியது மாதிரி கார் படபடவென்று வெடித்தது. பிறகு ஒரே அமைதி. கற்பூர வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்த புகை வெயிலில் மெதுவாக மிதந்தது. அது விலகியபோது அங்கிளின் புது வேட்டி முட்டி வரை கறுப்பாக இருந்தது. இதுவும் கனவாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆன்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னா வெடியெல்லாம் போடுறீங்க? வசந்திக்கு நிச்சயமா?" என்று கேட்டார்.

அங்கிள் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆமா, ஆன்டி" என்றாள் வசந்தி.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான்தான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயத்தையும் அவ்வளவு சந்தோஷத்தையும் நான் ஒன்றாக அனுபவித்தது அன்று மட்டும்தான். அங்கிள் மகளைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் மனைவி பக்கம் திரும்பினார். "ஈப்போக்காரங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். இவர மட்டும் பானட் பக்கம் விடாதீங்க லா."

அந்த வீட்டில் பொட்டு வைக்காமல் மிச்சமிருந்தது நான்தான். வசந்தியின் அம்மா, இனி என் அத்தை, தட்டோடு வந்து என் நெற்றியிலும் வைத்தார். தெருக்காரர்களோடு சேர்ந்து காரைத் தள்ளி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம்.

இன்றும் ஆயுத பூஜை அன்று, காருக்கும் கம்ப்யூட்டருக்கும் முன்னால் எனக்குத்தான் பொட்டு. "ஒத்தப் பொட்டு, இதுதான் மொத ஒயரு. மாத்தி மாட்டிடாதீங்க" என்பாள் வசந்தி. பிள்ளைகள் சிரிப்பார்கள், மருமகன் என்னை விட்டுவிட்டு பானட்டைத் தூக்குவார். சிரித்துவிட்டுப் போகட்டும். மற்ற மூன்று ஒயரும் எங்கே போகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.