மாமனாரின் குடலில் ஒரு வளைவு

வருங்கால மாமனாரை முதன்முதலில் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதற்கு நம்மவரிடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது. நான் பின்பக்கத்திலிருந்து பார்த்தவன்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருந்தேன். வெளிநாட்டில் சில வாரம் கொலனொஸ்கோபி பழகிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். (பெருங்குடலுக்குள் கமெரா பூட்டிய நீண்ட குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை. எந்த வழியாக என்று கேட்காதீர்கள்.) வந்த நாளிலிருந்து கன்ரீனில் எல்லோருக்கும் விரிவுரைதான்.

"கஷ்டமான குடலெண்டால் தள்ளக் கூடாது. பின்னுக்கு இழுக்கவேணும். காத்தைக் குறைக்கவேணும். ஆளைத் திருப்பிப் போடவேணும்."

கேட்டவர்கள் வடையைத் தின்று முடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். கடைசிவரை இருந்து கேட்டவள் அனிற்றா மட்டும். கொட்டாஞ்சேனைப் பெண், அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா சவரிமுத்துவுக்கு எங்கள் காதல் அரைகுறையாகத் தெரியும். சிவநேசன் என்ற என் சைவப் பெயர் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது, முகம் சேரவில்லை.

அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது அனிற்றா பயந்துவிட்டாள்.

"நீங்களே செய்யுங்கோ. அப்பா சுகமானதும் இவர்தான் எண்டு சொல்லுவன்."

மூளையுள்ள எந்த வைத்தியனும் மறுத்திருப்பான். நான் புதுச் சேர்ட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தச் சோதனைக்குப் போடும் மயக்க ஊசியில் ஆள் முழுதாக உறங்க மாட்டார். வாய் மட்டும் நன்றாகத் திறந்துகொள்ளும். சவரிமுத்து இடப்பக்கம் சரிந்து படுத்தபடி சுவரோடு கதைக்கத் தொடங்கினார்.

"டொக்டர், வெள்ளவத்தைப் பக்கம் ஆக்களைத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"என்ட மகளுக்குப் பின்னால ஒரு டொக்டர்ப் பெடியன் திரியிறான். சிவநேசனாம். ஆள் ஒரு மூளையில்லாத பேயன் எண்டு கேள்வி."

பக்கத்தில் நின்ற தாதி இருமினாள். நான் தள்ளினேன்.

குழாயைத் தள்ளத் தள்ள, முன்னே போக வேண்டிய படம் திரையில் பின்னோக்கி வந்தது. பழைய அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷனால் குடல் ஒட்டி மடங்கிக் கிடந்தது. குழாய் அங்கே சுருண்டுவிட்டது. என் விரிவுரைப்படி பின்னுக்கு இழுக்க வேண்டிய இடம் அதுதான். பேயன் இன்னும் தள்ளினான். வழி தெரியட்டும் என்று காற்றையும் அடித்தான். கிழவரின் வயிறு பலூனாக எழும்பியது.

"மாதாவே! டொக்டர், பாதை தெரியாட்டி ஆரையாவது கேளும்!"

அந்த அலறலில்தான் எனக்கு உறைத்தது. இன்னும் ஒரு தள்ளல், குடல் கிழிந்தால், அனிற்றாவுக்கு அப்பா இல்லை. கையை நிறுத்தினேன். காற்றை உறிஞ்சினேன். குழாயை வலப்பக்கமாக முறுக்கியபடி மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். சுருள் அவிழ்வது கைக்குத் தெரிந்தது. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தாதியை அடிவயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். குழாய் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. வளைவுக்கு அப்பால், காம்போடு நிற்கும் காளான் மாதிரி ஒரு கட்டி ஒளிந்திருந்தது. கம்பி வளையத்தால் சுருக்கிச் சுட்டு எடுத்தேன். குடலின் கடைசி மூலைவரை போய்ப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது மிச்சக் காற்றை உறிஞ்சிக்கொண்டே வர வேண்டும். (இதுவும் விரிவுரையில் இருந்தது.) ஆனால் என் மனம் அதற்குள் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது.

பின்னேரம் அப்பாவும் மகளும் ஓட்டோவில் வீடு திரும்பும்போது ஆர்மிச் செக்பொயின்ற்றில் இறக்கினார்கள். சவரிமுத்து கைகளை உயர்த்தி நிற்க, ஓர் ஆர்மிக்காரன் குனிந்து அவர் இடுப்பைத் தடவினான். நான் அடித்த காற்று அந்த நேரம் பார்த்து வெடித்தது.

ஆர்மிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். மற்றவர்கள் துவக்கை நீட்டினார்கள்.

"டொக்டர் ஹுளங் கஹலா!" என்று அனிற்றா சிங்களத்தில் கத்தினாள். டொக்டர் காற்றடித்துவிட்டார்!

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். யாரந்த டொக்டர் என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். நடுக்கத்தில் அவள் என் முழுப் பெயரையும் ஒப்பித்துவிட்டாள். ஒரு தமிழ்ப் பெயரைக் கேட்டு செக்பொயின்ற்றில் சந்தோஷப்பட்டது அந்தக் காலத்தில் அவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். சிரிக்காத ஒரே ஆள் சவரிமுத்து.

"அந்தப் பேயனா இந்தப் பேயன்?"

கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோயாக மாறக்கூடியது, மாறுவதற்குள் முழுதாக வெளியே வந்துவிட்டது. அதைச் சொல்லக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வாசலில் நிறுத்திவைத்து, முகமூடி இல்லாத என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"எங்கட வேதத்துக்கு வருவீரா? ஞானஸ்நானம் எடுப்பீரா?"

"இல்லை."

"காத்தை எடுக்க மறந்தனீர்தானே?"

"ஓம்."

வயிற்றைத் தடவிக்கொண்டார். "எனக்குள்ளயே வந்திட்டுப் போன ஆளை வீட்டுக்குள்ள வராதயும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாரும். தேத்தண்ணி குடிப்பம்."

இன்று எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் என்னை ஒரே மாதிரித்தான் அறிமுகப்படுத்துவார். தோளில் கை போட்டு, சபை நிரம்பும்வரை காத்திருந்து சொல்வார்:

"இவர்தான் என்ட மருமகன். என்ட உள்ளும் புறமும் அறிஞ்சவர்."