பூட்டு சாரும் ஆறு காந்தங்களும்

பொருளைப் பாழாக்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கீழே போட்டு உடைக்கிறவர்கள் ஒரு வகை. அவர்களைத் திட்ட வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. பத்திரப்படுத்தியே பாழாக்குகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களை யாரும் திட்டுவதில்லை, பொறுப்பான மனுஷர் என்று பாராட்டுகிறோம். டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை மாட்டிவிட்டு, எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருப்பார்கள். விருந்தாளிக்கென்று பீங்கான் தட்டு வாங்கி உள்ளே வைப்பார்கள். விருந்தாளி வந்தால், இவர் உடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பழைய தட்டையே நீட்டுவார்கள். பார்த்திருக்கிறீர்கள்தானே?

இந்த வகையின் முழு வளர்ச்சியைக் காண ஒரு பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்துக்கு வர வேண்டும். அங்கே இருந்த வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு சார். அலமாரிச் சாவியைக் கைக்குட்டையில் முடிந்து, கைக்குட்டையைச் சட்டைப் பையில் திணித்து, பையை ஒரு ஊசியால் குத்தியிருப்பார். காந்தப் பாடம் வந்தால் கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் வட முனையும் நீலத்தால் தென் முனையும் வரைவார். தொட்டுப் பார்க்கலாமா என்று ஒரு பெண் கேட்டால், "படத்தைத் தொட்டுப் பாரு" என்பார்.

அங்கே மேசை துடைத்துச் சாமான் எடுத்து வைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஆனால் ஒன்பது வருஷமாக அந்தப் பாடத்தைக் கடைசி மேசையோரம் நின்று ஒன்பது முறை கேட்டிருந்தாள். எந்த மாணவி இவ்வளவு ஒழுங்காக வகுப்புக்கு வந்தாள்?

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆறு சட்ட காந்தங்கள் புதிதாக வந்தன. பெட்டிக்குள் அவை முனை மாறி, சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகப் படுத்திருந்தன. இரண்டு கோடியிலும், காந்த பலம் குறையாமல் காக்கிற சின்ன இரும்புத் துண்டுகள் ஒட்டியிருந்தன. சாருக்கு அந்தத் தாறுமாறு பிடிக்கவில்லை. இரும்புத் துண்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார். ஆறு சிவப்பையும் ஒரே பக்கமாக அடுக்கினார். காந்தங்கள் ஒன்றையொன்று உதறிக்கொண்டு திரும்பின. அவர் விடுவாரா? நூல் கேட்டார்.

அவள் நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஒத்த முனைகள் விலக்கும் என்று அவரே சொன்னதுதானே? "சார், ஒண்ணை ஒண்ணு தள்ளுது சார்" என்றாள், அந்த வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"காந்தம்னா தள்ளத்தாம்மா செய்யும். அதுக்குத்தான் கயிறு" என்று சொல்லி, இறுக்கிக் கட்டிப் பூட்டினார்.

இரும்புத் துண்டுகளை அவள் குப்பையில் போடவில்லை. தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள்.

கட்டு அவிழாமலே இரண்டு வருஷம் போனது, செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் காந்தங்களைக் கேட்க, சார் ஊசி கழற்றி, கைக்குட்டை அவிழ்த்து, சாவி எடுத்து, ஒருவழியாக அந்த நூல் கட்டோடு கொண்டுவந்து வைத்தார். துடைக்கக்கூட வேண்டாம், கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. ஒரு மாணவி அட்டைக்கடியில் காந்தத்தை வைத்து, மேலே இரும்புத் தூளைத் தூவித் தட்டினாள். காந்தப் புலக் கோடுகள் அழகாக வளைந்து நிற்க வேண்டிய இடத்தில் தூள் சும்மா கிடந்தது. அடுத்த காந்தம், அதற்கடுத்தது. ஆறும் சேர்ந்து ஒரு குண்டூசியைத் தூக்கச் சோம்பல் பட்டன.

சார் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "கீழ போட்டுட்டியாம்மா?"

சேதப் பதிவேடு மேசையில் திறந்தே இருந்தது. மாதக் கடைசியில் அவளுடைய தற்காலிக வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று பள்ளியில் முடிவு செய்வார்கள்; அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு இதுவரை நீட்டித்ததில்லை.

தேர்வாளர் மாணவியைக் கேட்டார். "கடைசியா எப்ப இதை வச்சுப் பண்ணீங்க?"

"இப்பதான் சார் முதல் தடவையா பாக்கறோம். அக்கா எப்படிப் போடுவாங்க? சாவி சார்கிட்டதானே இருக்கு?"

அப்போதுதான் அவள் இழுப்பறையைத் திறந்தாள். கெட்டுப்போன பள்ளி மணியிலிருந்து எடுத்த செப்புக் கம்பியை ஓர் ஆணியில் நெருக்கமாகச் சுற்றி, கம்பியின் நுனிகளை பிளேடால் சுரண்டி, பேட்டரியோடு சேர்த்து மாணவிகளும் அவளும் மத்தியான இடைவேளையில் விளையாடுகிற மின்காந்தம் உள்ளே இருந்தது. நுனிகளைத் தொடுத்தாள், குண்டூசிகள் கொத்தாக ஏறின. எடுத்தாள், பொலபொலவென்று உதிர்ந்தன. "சுத்து கூடக் கூட நிறையத் தூக்கும் சார்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

தேர்வாளர் அதை வைத்தே தேர்வை நடத்தினார். இழுப்பறையில் கிடந்த இரும்புத் துண்டுகளையும் பார்த்தார். பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில், 'தவறாக அடுக்கிப் பூட்டி வைத்தது' என்று தன் கையால் எழுதினார். அவள் வேலை நீண்டது.

பூட்டு சார் திருந்தினாரா? தேர்வாளர் போனதும் அந்த மின்காந்தத்தை வாஞ்சையோடு எடுத்தார், கம்பியின் இரண்டு நுனியும் பேட்டரியில் மாட்டியபடியே. ஒரு நுனியைக் கழற்றணும், இல்லாட்டி பேட்டரி தீர்ந்துடும் என்று அவள் சொல்லத் தொடங்க, "எல்லாம் தெரியும்மா, தொலைஞ்சு போயிடும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். இழுப்பறையில் இன்னும் நாலு ஆணி இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதை இன்னார் படிக்க வேண்டும் என்று ஒரு முகம்கூட மனசில் வந்திருக்கும். உடனே கொடுத்துவிடுவீர்களா, அல்லது கசங்காமல் மடித்து, சமயம் வரும்போது காட்டலாம் என்று அலமாரியில் வைப்பீர்களா? சாவி எந்தப் பையில் இருக்கிறது?