தங்கப்பழம் டீக்கடையின் அசைக்க முடியாத தூண்கள்

ஒரு காட்டில், செல்போன் டவர் கிடைக்கிற ஒரே பாறையில், தங்கப்பழம் என்ற கரடி டீக்கடை வைத்திருந்தது. சாயங்காலமானால் காட்டின் விடலைகள் அத்தனையும் அங்கேதான் கிடக்கும். கொம்பு பாதி முளைத்த மான் இசக்கி, முள்ளுக்கு ஜெல் தடவிய முள்ளம்பன்றி பிரதீஷா, குரல் உடைந்துகொண்டிருந்த மூன்று குரங்குகள்.

"அண்ணாச்சி, ஒரு டீ. ஒன் பை ஃபைவ்!"

"ஏலே, ஒரு டீய அஞ்சாப் பிரிக்கதுக்கு நான் என்ன சொத்தா எழுதி வைக்கேன்? எந்திரிச்சுப் போங்கலே!" என்று கரடி கத்தும். ஒன்றும் எழுந்திருக்காது. கரடியும் முணுமுணுத்துக்கொண்டே ஐந்து டம்ளரைக் கழுவும்.

பக்கத்தில் செல்போன் கவர் விற்ற நரிக்கு அந்தப் பாறைமேல் ரொம்ப நாளாகக் கண். அது வியாபாரிகள் சங்கத்தில் போய், "தங்கப்பழம் அண்ணாச்சி சின்னப் பிள்ளைகள விரட்டுதாரு. நம்ம காட்டுக்கே கெட்ட பேரு," என்று வத்தி வைத்தது.

உடனே சங்கம் கூடியது. இளையோரை வரவேற்பது எப்படி என்று வகுப்பெடுக்க, வெளியூரிலிருந்து ஒரு கொக்கு கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. "இளையோரைக் கொண்டாடுங்கள்!" என்று ஒற்றைக்காலில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் சங்கத் தலைவர் யானை, "அருவித் திருவிழா அன்னைக்கு நானே வந்து பாப்பேன். கடையில இளவட்டம் இல்லைன்னா, பாறை நரிக்கு," என்று சொல்லிவிட்டது.

அந்தப் பாறையை விட்டால் தங்கப்பழத்துக்குப் போக்கிடம் கிடையாது. கொண்டாட்டம் என்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்யாணமோ காதுகுத்தோ, பிளெக்ஸ் வைப்பது. வைத்தது, யானை உயரத்துக்கு. 'எங்கள் கடையின் அசைக்க முடியாத தூண்களே! தினமும் மாலை தவறாமல் வருகை தரும் தங்கங்களே! வருக! வருக!' கீழே ஒவ்வொன்றின் படமும் பெயரும், மறக்காமல் தகப்பன் பெயரும். இசக்கி கூலிங் கிளாஸோடு சிரித்தது.

காடே நின்று பிளெக்ஸைப் பார்த்தது. பெற்றோரும் பார்த்தன. அதுவரை அவை, தங்கள் பிள்ளைகள் சாயங்காலம் ஆந்தை வாத்தியாரிடம் கணக்கு டியூஷனில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தன.

அன்று மாலை பெஞ்சு நிரம்பியது. அத்தனையும் அப்பா, அம்மா.

"எம்புள்ள தூணாம்லா, தூணு! வரட்டும், அசைச்சுப் பாக்கேன்," என்று இசக்கியின் அப்பா பாறையில் கொம்பைத் தீட்டியது. பிரதீஷாவின் அம்மா பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துப் பிழிந்து எல்லாருக்கும் எண்ணெயைக் காட்டியது. டீ கேட்டவை எல்லாம் சீனி வேண்டாம் என்றன. பிள்ளைகளில் ஒன்றின் வால்கூடத் தென்படவில்லை. நரி டேப்பை நீட்டிப் பாறையை அளந்துகொண்டிருந்தது.

அடுத்தடுத்த நாட்களும் அதே கூத்துதான். கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. பாறை போகிற துக்கம் பாதி, திட்ட ஆளில்லாத துக்கம் மீதி. கொம்பைத் தீட்டுகிற கலைமானைப் பார்த்து "எந்திரிச்சுப் போலே" என்று சொல்ல முடியுமா?

அப்போது பின்பக்க வேலியில் புதர் ஆடியது. "அண்ணாச்சி," என்றது பிரதீஷாவின் குரல். "எங்க மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?"

"கோவமா? ஏட்டி, பாசத்துலல்லா வச்சேன்!"

"பழைய மாதிரி திட்டியிருக்கலாம்லா? நிம்மதியா இருந்தோம்."

தங்கப்பழத்துக்குப் பொறி தட்டியது. பிளெக்ஸை அவிழ்த்துத் திருப்பிக் கட்டி, வெள்ளைப் பக்கத்தில் கரித்துண்டால் எழுதியது: 'இங்கு விடலைகளுக்கு அனுமதி இல்லை. மீறினால் கடிக்கப்படும்.'

"இப்பத்தான் அண்ணாச்சிக்குப் புத்தி வந்திருக்கு," என்று பெற்றோர் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தன. அவை போனதும் கரடி பின்பக்க வேலியில் ஓர் ஓட்டை போட்டது.

திருவிழா அன்று யானை வந்தது. கரித்துண்டு எழுத்தைப் படித்து முகம் சுளித்தது. நரி பல்லை இளித்தது. "பின்னாடி ஒரு எட்டு வாங்க, தலைவரே," என்று கரடி பணிவாகக் கூட்டிப்போனது.

வேலி ஓட்டையில் ஒரே தள்ளுமுள்ளு. காட்டில் இருக்கிற விடலையெல்லாம் அங்கேதான். ஓட்டையின் நடுவே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும், தோளில் டியூஷன் பையோடு ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. யானையின் சொந்த மகன்.

யானை அக்கம்பக்கம் பார்த்தது. நல்லவேளை, நரி முன்பக்கமே நின்றுவிட்டது.

"இளவட்டம் நிறையவே இருக்கு. பாறை கரடிக்கே," என்று உரக்கச் சொல்லிவிட்டு, மகனைக் காலால் ஓர் உந்து உந்தி உள்ளே தள்ளிவிட்டு, விறுவிறுவென்று நடையைக் கட்டியது.

"அண்ணாச்சி, ஒரு டீ. ஒன் பை சிக்ஸ்!"

"எந்திரிச்சுப் போங்கலே!" என்று தங்கப்பழம் வாயாரக் கத்தியது. ஆனந்தத்தில் அதற்குக் கண் கலங்கிவிட்டது.

நீதி: இளையோரை மனதார வரவேற்க விரும்பும் கடைக்காரர், 'அனுமதி இல்லை' என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட வேண்டும். வேலி ஓட்டையைச் சங்கத் தலைவரின் பிள்ளை அளவுக்கு வெட்டுவது உத்தமம்.